பதில்: தன்னார்வப் பணியை விட வேண்டுமா?

வணக்கம் நண்பரே. இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு உயிரிப்பொருள் (உடலில் பொருத்தும் பொருட்கள்) ஆய்வுக்கு வந்து ஆறு மாதம், உயிரியல் பிடிபடவில்லை, அதனால் வார இறுதியில் செயற்கைக்கால் பயனர்களுக்கு உதவும் வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். நானும் இதே வழியில் வந்தவன்.

உங்கள் பொறியியல் அறிவு இங்கே வீண் இல்லை. எலும்பில் பொருத்தும் டைட்டானிய உலோகத்தின் விறைப்பு, அதாவது வளைந்து கொடுக்காத தன்மை, சுமார் 110 கிகாபாஸ்கல் (விறைப்பின் அலகு). கெட்டியான எலும்புக்கு ஏறத்தாழ 20தான். பாரத்தை உலோகமே தாங்கிக்கொள்வதால், வேலையில்லாத எலும்பு மெல்ல மெல்லக் கரைகிறது. இது உயிரியல் சிக்கலா, பொறியியல் சிக்கலா? இரண்டும்தான். இந்த இடத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள், பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலிருந்து அல்ல. கூடவே மருத்துவச் சாதனங்கள் உடலுக்குப் பாதுகாப்பானவையா என்று மதிப்பிடும் ஐஎஸ்ஓ 10993 தரநிலையின் முதல் பகுதியைப் படியுங்கள். உடலில் எந்த இடத்தில், எத்தனை நாள் இருக்கப்போகும் பொருளுக்கு என்னென்ன சோதனை தேவை என்பது அதில் தெளிவாகும். ஆய்வகத்தில் செல் வளர்ப்பதை மட்டும் புத்தகத்தில் கற்க முடியாது. கைதேர்ந்த ஒருவர் பக்கத்தில் இரண்டு வாரம் நின்று பாருங்கள்.

நேரம்தான் சிக்கல் என்றால், திங்களன்று செல்களை விதையுங்கள். பெரும்பாலான செல்களுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊடகம் (செல்கள் வளரும் சத்துநீர்) மாற்றினால் போதும்; புதன், வெள்ளி மாற்றிவிட்டால் சனி, ஞாயிறு உங்களுடையது.

வார இறுதியில் நீங்கள் சந்திக்கும் செயற்கைக்கால் பயனர்களிடம், கால் எங்கே உரசுகிறது, எப்போது கழற்றி வைக்கிறார்கள் என்று கேளுங்கள். எனக்கு நல்ல ஆய்வுக் கேள்விகள் அப்படித்தான் கிடைத்தன.

எந்தப் பொருளில் வேலை செய்கிறீர்கள்? சொன்னால் இன்னும் குறிப்பாக எழுதுகிறேன்.