டிஎன்ஏவைச் சரிசெய்ய நொதியங்கள் மட்டும் போதாதா?
"உடைந்த டிஎன்ஏவை ஒட்ட நொதியங்கள் இருக்கும்போது, குரோமாட்டின் மறுசீரமைப்புப் புரதங்கள் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். (குரோமாட்டின் என்பது டிஎன்ஏவும் அது சுற்றியிருக்கும் புரதங்களும் சேர்ந்த பொதி.) ஹட்டனில் என் உயர்தர உயிரியல் வகுப்பிலும் இதை யாராவது கேட்காமல் விடுவதில்லை.

லயக் காம்பரா (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் அறை) ஒன்றில் அலுமாரிக்குப் பின்னால் வயர் எரிந்துவிட்டது என்று வையுங்கள். வயர் வேலைக்கு வந்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முதலில் அலுமாரியை நகர்த்தியாக வேண்டும். கலத்துக்குள்ளும் அதே இடநெருக்கடிதான். ஏறத்தாழ 2 மீற்றர் நீள டிஎன்ஏ, சில மைக்ரோமீற்றர் அகலமே உள்ள கருவுக்குள் கிடக்கிறது. 8 ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி சுமார் 147 மூலச்சோடிகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்). அதுதான் ஒரு நியூக்கிளியோசோம். இப்படிச் சுருண்டு கிடக்கும் இடத்தில் பழுதுபார்க்கும் நொதியம் கை வைப்பது மிகக் கடினம்.

டிஎன்ஏவின் இரு இழைகளும் உடைந்ததும், ஏடிஎம் என்ற நொதியம் அருகிலுள்ள எச்2ஏஎக்ஸ் ஹிஸ்டோனில் பொஸ்பேற்றைச் சேர்க்கிறது. மண் சரிந்த பாதையில் சிவப்புத் துணி கட்டுவது மாதிரி. அப்புறம் ஐஎன்ஓ80, எஸ்டபிள்யூஐ/எஸ்என்எஃப் போன்ற புரதத் தொகுதிகள், அதாவது நீங்கள் கேட்ட மறுசீரமைப்புப் புரதங்கள், ஏடிபி என்ற மூலக்கூறின் சக்தியைச் செலவழித்து நியூக்கிளியோசோம்களைத் தள்ளும், கழற்றும். டிஎன்ஏவை ஒட்டுவது இவற்றின் வேலையே இல்லை. பரீட்சையில் பலர் சறுக்குவது இங்கேதான்.

வேலை முடிந்தால் அலுமாரி பழைய இடத்துக்குப் போக வேண்டுமே? சிஏஎஃப்-1 போன்ற துணைப் புரதங்கள் ஹிஸ்டோன்களைத் திரும்ப வைக்கின்றன.

நுவரெலியா வெயிலின் புறஊதாக் கதிர் தோலில் உண்டாக்கும் தைமின் இருபடிகளை (டிஎன்ஏவில் அடுத்தடுத்த இரு தைமின் மூலங்கள் ஒட்டிக்கொண்ட பழுதுகளை) வெட்டி எடுப்பதற்கும் இதே வழிவிடல் தேவை. குளிர்கிறதே என்று ஏமாறாதீர்கள், உயரம் கூடக்கூட அந்தக் கதிரும் கூடும்! வழிவிடும் எஸ்டபிள்யூஐ/எஸ்என்எஃப் தொகுதியின் ஒரு புரதத்துக்கான ஏஆர்ஐடி1ஏ மரபணு பல புற்றுநோய்களில், குறிப்பாகச் சிலவகைச் சூலகப் புற்றுநோய்களில், பழுதாகிக் காணப்படுகிறது.