இந்தியாவின் மருத்துவ வசதியை மேம்படுத்த எந்த நாட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்?

இங்கிலாந்து, கனடா என்று பலரும் சொல்வார்கள். நான் தாய்லாந்து என்பேன்.

என் அப்பாவிடம் காப்பீட்டு அட்டை இருந்தது. ரேஷன் கார்டுக்குள் செருகி, பீரோவில் பத்திரமாக வைத்திருப்பார். ஆனால் பிரஷர் மாத்திரை வாங்க மெடிக்கலுக்குப் போனால் அது உதவாது. "அஞ்சு மட்டும் குடுப்பா" என்பார். கடைக்காரர் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரியால் பாதியாக வெட்டிக் கொடுப்பார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும்தான். அங்கே வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடுமே! இப்படி விட்டுவிட்டுச் சாப்பிட்டு, கடைசியில் பக்கவாதம் வந்து விழுந்தார். அந்த அட்டை முதல்முறையாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான்.

2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடும் அப்படித்தான். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு, ஆனால் மருத்துவமனையில் சேர்ந்தால்தான். புறநோயாளியாகப் போய்வரும் செலவும் தினசரி மாத்திரையும் அதில் வராது. ஏழைகளின் கைக்காசு கரைவதோ அங்கேதான்.

தாய்லாந்து 2001இல் '30 பாட்' (பாட் என்பது அந்த நாட்டு நாணயம்) திட்டத்தைத் தொடங்கி, அடுத்த ஆண்டே அதைச் சட்டமாக்கியது. ஒருமுறை மருத்துவமனைக்குப் போனால் 30 பாட் கட்டினால் போதும். காய்ச்சல் மாத்திரையிலிருந்து ஆபரேஷன் வரை அதில் அடக்கம். புறநோயாளிகளுக்காக அரசு தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் மருத்துவமனைக்குக் கொடுத்துவிடுகிறது. ஒருவர் எத்தனை முறை வந்தாலும் அதே தொகைதான். ஆகவே ஒருவருடைய பிரஷரை முற்றவிடாமல் பார்த்துக்கொள்வது மருத்துவமனைக்கும் நல்லது.

அப்புறம், இதைவிட முக்கியமான ஒன்று. பணம் ஒதுக்குவதற்கு முன்பே அவர்கள் ஆஸ்பத்திரியைக் கட்டி முடித்திருந்தார்கள். 1980களின் தொடக்கத்தில், நகரத்துப் பெரிய மருத்துவமனைகளுக்கான புதிய முதலீட்டைச் சில ஆண்டுகள் நிறுத்திவைத்து, அந்தப் பணத்தைக் கிராமப்புறத்துக்குத் திருப்பினார்கள். நம் தாலுகா போன்ற ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு மருத்துவமனை எழுந்தது. அரசுச் செலவில் படித்த டாக்டர்கள் மூன்று ஆண்டு கிராமத்தில் வேலை பார்க்க வேண்டும் என்ற விதி 1970களிலிருந்தே இருக்கிறது. 30 பாட் திட்டத்தின் சிற்பி என்று சொல்லப்படும் டாக்டர் சங்குவான் நித்தயாரம்போங்கூடக் கிராமத்து மருத்துவமனையில் வேலை பார்த்தவர்தான். நகரத்து ஆஸ்பத்திரிக்குப் பணம் இல்லை என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நாம் முதலில் கற்க வேண்டியது அந்தத் துணிச்சலைத்தான்.

அங்கேயும் கூட்ட நெரிசல் உண்டு, நர்சுகளுக்கு வேலைப் பளு அதிகம். ஆனால் மாத்திரை அட்டையைப் பாதியாக வெட்டி வாங்கும் நிலையை அவர்களால் பெருமளவு மாற்ற முடிந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 2021இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தது. இப்போது அம்மாவுக்குப் பிரஷர் பார்த்து, மாத்திரையை வீட்டுத் திண்ணையிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அப்பா இருந்தபோது அது இல்லை.