எம்.எஸ்சி. முடித்துவிட்டேன். நீரிழிவு ஆய்வுக்கூடத்தில் பிஎச்.டி. சேரலாமா? அன்றாட வேலை எப்படி இருக்கும்?

தாராளமாகச் சேரலாம். நான் சென்னையில் மூன்றாம் ஆண்டு பிஎச்.டி. செய்கிறேன். இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் ஏன் நாளடைவில் தளர்ந்துபோகின்றன என்பதுதான் எங்கள் கூடத்தின் கேள்வி. ஆனால் ஆரம்ப வருடங்களில் இது பெரும்பாலும் கைவேலை. எவ்வளவு படித்திருந்தாலும் கை பழகாமல் எதுவும் நகராது.

ஐலெட் பிரிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று படித்தோமே, அவைதான்; பீட்டா செல்கள் இருப்பது இவற்றுக்குள்தான். கணையத்தில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்கும். சுண்டெலியின் பித்தநாளத்தில் மெல்லிய ஊசியைச் செருகி, திசுவைக் கரைக்கும் கொலாஜினேஸ் நொதி கலந்த குளிர்ந்த கரைசலை மெதுவாக ஏற்ற வேண்டும். சரியாக ஏறினால் கணையம் உப்பி விரிவது கண்ணுக்கே தெரியும். அப்புறம் 37 டிகிரி நீர்த்தொட்டியில் சில நிமிடங்கள். நேரம் கூடினால் ஐலெட்டே சிதைந்துவிடும். குறைந்தால் சுற்றியுள்ள திசு விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். புது கொலாஜினேஸ் பாட்டில் வந்தால் அந்த நேரத்தை மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கே இருக்கும் அந்த உருண்டைகளை பிப்பெட்டால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். கழுத்து வலிக்கும். எனக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும்.

ஓர் இரவு அவற்றைத் தேறவிட்டு, மறுநாள் இரண்டு குளுக்கோஸ் அளவுகளில் வைக்கிறோம்: 2.8, 16.7 மில்லிமோலார். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்க்கும் கணக்கில் சொன்னால் 50, 300. நல்ல ஐலெட் இரண்டாவதில் பல மடங்கு இன்சுலினை விடும். விடவில்லையென்றால் கோளாறு நாம் ஆராயும் மரபணுவிலா, நேற்றைய ஊசியிலா என்பதைப் பிரித்தறிய வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் மாதிரி) இல்லாத எந்த முடிவையும் நம்பாதீர்கள், அது உங்களுடையதாகவே இருந்தாலும்.

விலங்குகளைக் கையாள மனம் வராதவர்களும் உண்டு. அதில் தவறில்லை. எலியின் இன்சுலின் சுரக்கும் கட்டியிலிருந்து வந்து, இப்போது கூடத்தில் தட்டிலேயே வளர்க்கப்படும் ஐஎன்எஸ்-1 போன்ற செல்களை வைத்து நிறைய செய்யலாம். நோயாளிகளின் ரத்த மாதிரிகளை மட்டும் ஆராயும் கூடங்களும் இருக்கின்றன.

ஒன்றை மறக்கக் கூடாது. சுண்டெலி ஐலெட்டில் பீட்டா செல்கள் நடுவில் திரண்டிருக்கும், குளுக்ககான் சுரக்கும் ஆல்ஃபா செல்கள் ஓரத்தில் இருக்கும். மனித ஐலெட்டில் இரண்டும் கலந்து கிடக்கும். எலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு நீட்டிவிட முடியாது. மனித ஐலெட் உறுப்புக் கொடையாளர்களிடமிருந்து வர வேண்டும், அது லேசில் கிடைப்பதில்லை. இருந்தும் இந்த வேலை இங்கே நடந்தாக வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். 2023-இல் வெளியான, ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்ற நாடு தழுவிய நீரிழிவு ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. ஐரோப்பியரைவிட நமக்கு இளம் வயதிலேயே, அவ்வளவு பருமன் இல்லாதபோதே வருகிறது. அது ஏன் என்ற கேள்வியை நாம் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

பண விஷயம். ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. 2023 ஜனவரியில் உயர்த்திய தொகை இது. பல இடங்களில் தாமதமாக வரும். மூன்று நான்கு மாதச் செலவுக்குக் கையிருப்பு வைத்துக்கொண்டு சேருங்கள். வீட்டில் "சுகருக்கு மருந்து கண்டுபிடிச்சாச்சா?" என்று கேட்பார்கள். பொறுமையாக விளக்குங்கள், அவர்களில் பாதிப் பேர் மாத்திரை போடுகிறவர்கள்தான்.

கூடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வழிகாட்டியின் கட்டுரைப் பட்டியலை மட்டும் பார்க்காதீர்கள். அங்கே இருக்கும் சீனியர் மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். முதல் ஆறு மாதம் பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆள் உண்டா, சோதனை சொதப்பினால் அதைக் குழுக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால், பெயர் தெரியாத கூடமாக இருந்தாலும் சேர்ந்துவிடுங்கள்.