ஏரிக் குஞ்சுகளும் வந்தேறி மீன்களும்: கேள்வி பதில்

காட்டுமன்னார்கோவிலிலிருந்து ஒருவர்: வீராணத்தில் இவ்வளவு ஜிலேபிக் கெண்டை இருக்கும்போது நாட்டு மீன் குஞ்சு பிழைக்குமா?

முந்திக்கொண்டால் பிழைக்கும். நம் கெண்டை வகைகளில் பல, புதுத் தண்ணீர் வந்தால்தான் முட்டையிடும். ஜிலேபி அதற்கெல்லாம் காத்திருக்காது. வருடத்தில் பல முறை இனம் பெருக்கும். முட்டையையும் குஞ்சையும் தாய் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும். வடவாற்றுத் தண்ணீர் ஏரிக்கு வரும்போது கரையோரக் கோரையில் ஜிலேபிக் குஞ்சு ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும். அடியோடு காய்ந்து நிரம்பும் சின்ன ஏரிகளில் இந்தத் தொல்லை குறைவு.

வில்லியனூர்: அமெரிக்காவில் ஏதோ மீனுக்காக அணையையே நேரம் பார்த்துத் திறக்கிறார்களாமே?

ஆமாம், ரேஸர்பேக் சக்கர். கொலராடோ ஆற்றுப் படுகை மீன். 1991இல் அங்கே அழியும் இனப் பட்டியலில் சேர்ந்தது. அதன் குஞ்சு ஆற்றோடு மிதந்து வந்து கரையோரச் சதுப்புகளில்தான் வளரும். முன்பு பனி உருகிப் பெருகும் வெள்ளத்தை ஒட்டி அணையைத் திறப்பார்கள். அப்போது குஞ்சே பொரித்திருக்காது. 2012 முதல் கொலராடோவின் துணை ஆறான கிரீன் ஆற்றில் குஞ்சு கண்ணில் பட்ட பிறகு ஃபிளேமிங் கார்ஜ் அணையைத் திறந்து பார்த்தார்கள். யூட்டா மாநிலத்தில் அப்படியொரு சதுப்பான ஸ்டூவர்ட் ஏரியின் வாய்க்காலில் கம்பித் தடுப்பு உண்டு. அங்கே வந்தேறி மீனான கார்ப்பில் பெரியது உள்ளே வராது. பொடிக் கார்ப் எப்படியும் நுழைந்துவிடும். ஆனாலும் சக்கர் குஞ்சுகள் அங்கே வளர்ந்தன. இலையுதிர் காலத்தில் தண்ணீரை வடித்து அவற்றை ஆற்றுக்கு அனுப்பினார்கள். அந்நிய மீனை அடியோடு ஒழித்துவிட்டு அல்ல, அதோடு கூடவே. எனக்குப் பிடித்தது அதுதான்.

உடனே மதகில் கொசுவலை கட்டக் கிளம்பாதீர்கள். ஒரே ராத்திரியில் தழை அடைத்துக் கிழிந்துவிடும்.

பாகூர்: தொட்டியில் டேங்க் கிளீனர் மீன் பெரிதாகிவிட்டது, ஊசுடு ஏரியில் விடலாமா?

விடக்கூடாது. இன்று இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

நெல்லிக்குப்பம்: கொசுவை ஒழிக்கக் கம்பூசியா மீன் விடலாமா?

வேண்டாம். மற்ற மீனின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு மின்னும் நம்ம முண்டக்கண்ணியே கொசுப்புழுவைத் தின்னும்.

பண்ருட்டி: சந்தையில் நாட்டுக் கெளுத்தி என்று விற்பது ஆப்பிரிக்கக் கெளுத்தியா?

முழங்கை நீளம் தாண்டி, உடம்பில் கருந்திட்டு இருந்தால் சந்தேகப்படுங்கள். அதை வளர்க்கத் தடை இருக்கிறது. மாகூர் என்கிற நாட்டு வகையோ உலக அளவில் அழியும் பட்டியலில் இருக்கிறது. மண்டை எலும்பின் வடிவத்தை வைத்துப் பிரித்தறியலாம். படத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டேன்.

சேத்தியாத்தோப்பு: சார், ஜிலேபியைத் திட்டுறீங்க. எங்க வீட்டு அடுப்பு எரியறதே அதாலதான்.

அண்ணே, சரிதான். அது 1952இல் இந்தியாவுக்கு வந்தது. இனி ஏரியை விட்டுப் போகாது. பிடியுங்கள், விற்றுச் சாப்பிடுங்கள், நல்லது. என் சண்டை அதோடு இல்லை.

மறுபடியும் சேத்தியாத்தோப்பு: அப்ப யாரோட?

தவளை கட்டித் தூண்டில் போடுகிறவர்களோடு. குஞ்சு மேய்க்கும் விராலைப் பார்த்திருப்பீர்கள். மேலே செம்பருத்தி இதழைக் கிள்ளிப் போட்டதுபோல் பொடிக் குஞ்சுக் கூட்டம் மூச்சு வாங்க வந்துவந்து போகும். அடியில் தாயும் தகப்பனும் காவல். அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் எது அசைந்தாலும் பாய்ந்து கடிக்கும். பசியால் இல்லை. தூண்டில்காரருக்கு அது சுலபமான மீன். பிடித்த அன்றே கொக்கும் மற்ற மீனும் அந்தக் கூட்டத்தைக் காலி பண்ணிவிடும். ஜிலேபியைக் குற்றம் சொல்வதற்கு முன் இதைப் பேசுவோமே.

சேத்தியாத்தோப்பு: நானும் பிடிச்சிருக்கேன் சார். ரெண்டு கிலோ இருந்துச்சு.

நானும்தான் அண்ணே, சின்ன வயதில். இனிமேல் சிவப்பு தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த கரைக்குப் போங்கள்.

குறிஞ்சிப்பாடி: டேங்க் கிளீனரை ஏரியில்…

மேலே பாருங்கள்.