சாஃப்ட்னர் போட்டும் டிடிஎஸ் குறையலையா?

கேள்வி: போர் தண்ணில சோப்பு நுரையே வராதுன்னு வாட்டர் சாஃப்ட்னர் போட்டோம். முன்னாடி டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கற மொத்த உப்பு) 900, இப்பவும் 900தான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?

பதில்: மீட்டர வச்சு மட்டும் அப்படி முடிவு பண்ணிடாதீங்க. டிடிஎஸ் மீட்டர் தண்ணில கரண்ட் எவ்ளோ பாயுதுன்னு பாத்து மொத்த உப்பு இவ்ளோன்னு ஒரு கணக்கு போடும், அவ்ளோதான், அது கால்சியமா சோடியமான்னு அதுக்கு தெரியாது. உங்களுக்கு தொல்லை குடுத்தது கால்சியமும் மெக்னீசியமும். சாஃப்ட்னர் உள்ள இருக்கற ரெசின் (குட்டி குட்டி பிளாஸ்டிக் மணிங்க) ஒரு கால்சியத்த பிடிச்சு வச்சுக்கிட்டு ரெண்டு சோடியத்த விடும், மொத்தம் குறையாது, ஆளுதான் மாறும். அதனால டிடிஎஸ் அப்படியேதான் நிக்கும்.

வீட்டுலயே பாக்கலாம். ரெண்டு கண்ணாடி பாட்டில், ஒண்ணுல போர் தண்ணி, இன்னொண்ணுல சாஃப்ட்னர் தாண்டி வர்ற தண்ணி, ஒரே அளவு குளியல் சோப்ப சீவி போட்டு மூடி நல்லா குலுக்குங்க (ஷாம்பூ, டிடர்ஜென்ட் வேணாம், அது போர் தண்ணிலயும் நுரைச்சு ஏமாத்தும்). போர் தண்ணில திரிஞ்ச பால் மாதிரி வெள்ளையா மிதக்கும், அது கால்சியத்தோட சேர்ந்து கரையாம போன சோப்பு. இன்னொண்ணுலயும் அதே மாதிரி இருந்தா ரெசின் தீந்துபோச்சு, உப்பு கரைச்ச தண்ணி விட்டு ரீஜெனரேஷன் பண்ணணும், அதாவது ரெசினுக்கு திரும்ப சோடியம் ஏத்தணும். பெரும்பாலும் உப்பு போட மறந்திருப்பாங்க. அப்படியும் நுரைக்கலன்னா போட்டவங்கள கூப்பிடுங்க.

நம்பர் வேணும்னா ஹார்ட்னஸ் (கால்சியம், மெக்னீசியம் அளவு) டெஸ்ட் கிட் வாங்குங்க, அதுல வர்ற கரைசல சொட்டு சொட்டா விட ஒயின் சிவப்பு நீலமா மாறும், எத்தனை சொட்டுன்னு எண்ணி கணக்கு பண்றது. குடிநீர் ஹார்ட்னஸுக்கு இந்திய தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேற வழியே இல்லன்னா 600 வரைக்கும். குடிநீர் வடிகால் வாரிய லேப்ல காசு கட்டியும் டெஸ்ட் பண்ணிக்கலாம்.

கெய்சர்ல ஏற்கனவே படிஞ்ச வெள்ளை தானா போகாது. பைகார்பனேட் சூட்டுல உடைஞ்சு கார்பன் டை ஆக்சைடு பறந்துபோக, மிச்சம் சுண்ணாம்பா ஒட்டிக்குது. ஹீட்டர் காயில கழட்டி வினிகர்ல போட்டா குமிழ் குமிழா பொங்கி கரையும், பிளீச்சிங் பவுடரோட மட்டும் சேத்துடாதீங்க, விஷவாயு வரும்.

குடிக்க சாஃப்ட்னர் தண்ணி வேணாம், பிபி இருக்கவங்களுக்கு சோடியம் ஏறும், அடுப்படிக்கு மட்டும் ஒரு ஆர்ஓ போதும். முழு வீட்டுக்கும் ஆர்ஓன்னு யாராவது சொன்னா கழிவுத்தண்ணி எவ்ளோ போகும்னு முதல்ல கேளுங்க. செடிக்கு சாஃப்ட்னருக்கு முன்னாடி பைப்புலயே ஒரு டேப் பிரிச்சுக்கோங்க, சோடியம் மண்ண இறுக்கிடும்.