செங்குத்தான கிரானைட் ஓடையில் நண்பர்களோடு கயாக் ஓட்ட எப்படித் தயாராவது?

கேள்வி: நாங்கள் நான்கு நண்பர்கள். அகலமான ஆறுகளில் 3, 4-ஆம் வகுப்பு ரேபிட்களை (பாறைகளுக்கு இடையே சீறிப் பாயும் நீர், எண் அதன் கடினத்தைக் குறிக்கும்) ஓட்டிப் பழக்கம் உண்டு. முதல்முறையாக ஒரு செங்குத்தான கிரானைட் ஓடையில் இறங்கப்போகிறோம். என்னென்ன மாறும், என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

பெரிய ஆற்றில் பயமுறுத்துவது தண்ணீரின் அளவு. ஓடையில் அது குறைவுதான். நொடிக்கு 5 முதல் 15 கனமீட்டர் ஓடினாலே பல ஓடைகள் ஓட்டும் பதத்துக்கு வந்துவிடும். ஆனால் இறக்கம் கிலோமீட்டருக்கு 40 மீட்டருக்கு மேல் இருக்கும், அதுவும் சீராக இருக்காது. ஒரு சின்ன அருவி, ஒரு மடு, ஒரு வழுக்குப்பாறை, மறுபடி ஒரு மடு என்று படிக்கட்டாக இறங்கும். ஆற்றில் கவிழ்ந்து படகைவிட்டு வெளியே வந்தவர் கொஞ்ச தூரம் நீந்திக் கரையேறலாம். ஓடையில் அடுத்த அருவி விளிம்புக்கு முன்னால் அவருக்குக் கிடைப்பது சில நொடிகள்தான். அதனால் இரண்டுக்கும் '4' என்றே எண் போட்டிருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. 4-ஆம் வகுப்பில் கவிழ்ந்த இடத்திலேயே உருண்டு நிமிரத் தெரியாதவர் இந்த முறை வராமல் இருப்பது நல்லது.

கிரானைட் வெங்காயம்போலத் தோல் தோலாக உரியும் பாறை. நீளமான, வழவழப்பான சரிவுகள் அதனால்தான் உருவாகின்றன. கயாக்காரர்கள் இந்தப் பாறையைத் தேடிப் போவதும் அதற்காகத்தான். இதன் இன்னொரு முகம் சல்லடை. விரிசல் வழியே உடைந்து விழுந்த பெரும்பாறைகள் குவிந்து கிடக்கும். இடுக்குகளில் தண்ணீர் புகுந்து போய்விடும், ஆள் போக முடியாது. கண்ணால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வேகமான நீர் கெட்டியான பாறையில் மோதினால் பாறையின் முன்னால் மெத்தைபோல் ஒரு நீர்மேடு எழும். அவ்வளவு நீர் மோதியும் மேடே எழவில்லை என்றால், தண்ணீர் அடியில் இருக்கும் குடைவுக்குள்ளோ சல்லடைக்குள்ளோ போகிறது என்று அர்த்தம். ஒரு மடுவுக்குள் விழும் நீரைவிட வெளியே வரும் நீர் குறைவாகத் தெரிந்தாலும் அதே சந்தேகம் வரவேண்டும். அங்கே யோசிக்கவே வேண்டாம், படகைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுங்கள்.

மழையிலும் கவனம். வெறும் பாறை தண்ணீரைக் குடிக்காது. மேலே பெய்த மழை அப்படியே ஓடைக்கு வந்து சேரும். பனி உருகி ஓடும் ஓடை என்றால் நாளின் வெப்பத்தைப் பொறுத்து மட்டம் ஏறி இறங்கும், பிற்பகலிலோ இரவிலோ உச்சம் தொடும். இறங்குமிடத்தில் நீர்விளிம்பில் ஒரு கல்லை அடையாளமாக வைத்துவிட்டு உடை மாற்றுங்கள். திரும்பி வரும்போது அந்தக் கல் மூழ்கியிருந்தால் திட்டத்தை மாற்ற வேண்டிய நேரம்.

படகு 2.4 முதல் 2.8 மீட்டர் நீளம், ஏறக்குறைய 300 லிட்டர் கொள்ளளவு, முன்னும் பின்னும் நன்றாக மேல்நோக்கி வளைந்த க்ரீக் வகை (ஓடைக்கென்றே செய்த) கயாக்காக இருக்கட்டும். கால் வைக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் தனித்தனி மிதிகட்டை உள்ள படகு வேண்டாம். முனை பாறையில் நேராகக் குத்தும்போது பாதம் அதைத் தாண்டி நழுவி மாட்டிக்கொள்ளும். முழு அகலத் தட்டும் அதன்மேல் கெட்டியான ஃபோமும் இருந்தால் கணுக்கால் தப்பும். பின்பக்கம் காற்றுப்பை இரண்டு. இருக்கைக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக்கை விரலால் அழுத்திப் பாருங்கள், கிரானைட் முதலில் தேய்ப்பது அந்த இடத்தைத்தான். அமுங்கினால் அந்தப் படகை வீட்டில் வைத்துவிடுங்கள். ஓடையில் விரிசல் விட்டால் ஒட்ட பியூட்டைல் டேப் (பசைபோல ஒட்டும் ரப்பர் நாடா) ஒரு சுருள், அதற்கு முன் ஈரம் துடைக்க ஒரு உலர்ந்த துணி. துணியை மறந்தால் டேப்பும் வீண்.

துடுப்பு 194 முதல் 200 சென்டிமீட்டர் போதும். நான்கு பேருக்கு, பிரித்து மாட்டும் துடுப்பு ஒன்றாவது வேண்டும். முழங்கை உறை கட்டாயம். தாடையையும் மூடும் ஹெல்மெட் நல்லது.

கயிறு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஆளுக்கு ஒரு த்ரோ பேக், அதாவது நீரில் இருப்பவருக்கு எறியும் கயிற்றுப்பை, உள்ளே 15 முதல் 20 மீட்டர் மிதக்கும் கயிறு. கயிறு வைத்திருப்பவர் கத்தியும் வைத்திருக்க வேண்டும், எந்தக் கையாலும் எட்டும்படி மார்பில். மாட்டிய படகை இழுக்க கப்பி 2, பூட்டும் காராபினர் (உலோகக் கொக்கி வளையம்) 4, ப்ரூசிக் வளையம் (கயிற்றை இறுக்கிப் பிடிக்கும் சிறு கயிற்று வளையம்) 2, கூடவே 4 அல்லது 5 மீட்டர் நீள நாடா ஒன்று. இழுப்பதற்கான கயிறு நீளாத வகையாக, டைனீமா என்ற வலுவான இழை உள்ளே கொண்டதாக இருக்கட்டும். சாதாரண மிதக்கும் கயிறு ரப்பர்போல நீண்டு உங்கள் பலத்தையெல்லாம் தின்றுவிடும். இந்தச் சாமான்கள் முழுவதையும் ஒரே படகில் வைக்காதீர்கள். மாட்டிக்கொள்வது அந்தப் படகாகவே இருந்தால்?

இனி ஓட்டும் முறை. பாறைக்குப் பின்னால் நீர் திரும்பி வந்து அமைதியாக நிற்கும் இடத்தை எடி என்கிறோம். அடுத்த எடி கண்ணுக்குத் தெரிந்து, அது காலியாகவும் இருந்தால் ஒழிய நிற்கும் எடியைவிட்டுக் கிளம்பக்கூடாது. ஓடை எடிகளில் ஒரு படகோ இரண்டு படகோதான் நிற்கும். நான்கு பேர் வரிசையாக வந்தால் நான்காவது ஆள் இடமில்லாமல் விளிம்பைத் தாண்டிப் போவார். கூட்டமாகப் போகும் நண்பர்கள் மாட்டுவது பெரும்பாலும் இப்படித்தான். முன்னால் அனுபவசாலி, கடைசியில் இன்னொரு அனுபவசாலி. துடுப்பைச் செங்குத்தாகத் தூக்கினால் 'வா', குறுக்காகப் பிடித்தால் 'நில்', சாய்த்துக் காட்டினால் அந்தப் பக்கமாக வா. ஆபத்தான பக்கத்தை ஒருபோதும் சுட்டிக்காட்டாதீர்கள், போக வேண்டிய பக்கத்தை மட்டும் காட்டுங்கள். விசில் மூன்று முறை ஊதினால் அவசரம்.

முன்னால் நீர் ஒரு கோட்டில் மறைந்து, அதற்கு அப்பால் மர உச்சிகள் மட்டும் தெரிந்தால் இறங்கி நடந்து பாருங்கள். கீழே போய் விழும் இடத்தை முதலில் பாருங்கள், பிறகு மேல்நோக்கி வாருங்கள். மடுவின் ஆழம், குறுக்கே மரம், வழி தவறினால் ஒதுங்க இடம், இந்த மூன்றும் தெரிந்த பிறகே வழியைத் தேர்வு செய்ய வேண்டும். போன மாதம் காலியாக இருந்த அதே அருவியில் இன்று ஒரு மரம் செருகியிருக்கலாம்.

வழுக்குப்பாறையில் படகு நேராக இருக்க வேண்டும், உடல் முன்னால் சாய்ந்திருக்க வேண்டும். பயத்தில் பின்னால் சாய்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு, முகமும் மார்பும் பாறைக்குத் திறந்துவிடும். நடுவில் கவிழ்ந்தால் முகத்தைப் படகின் மேல்தட்டோடு ஒட்டி, முழங்கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு சுருண்டுவிடுங்கள். நிமிரும் முயற்சியெல்லாம் மடுவுக்கு வந்த பிறகு.

சிறிய அருவியில் விளிம்பிலேயே ஒரு செங்குத்தான துடுப்பு வீச்சு போட்டு முனையைத் தூக்கித் தாவுவதை பூஃப் என்பார்கள். வீச்சு சீக்கிரம் போட்டால் முனை விளிம்புக்கு முன்பே கீழே சாய்ந்துவிடும். கொஞ்சம் தாமதமாகவே போடுங்கள். விழும் முன் உடலை முன்னால் மடக்குங்கள். 2 மீட்டர் உயரம்வரை, நுரைத்த வெள்ளை நீரில் தட்டையாக விழலாம். அதற்கு மேல், பச்சையான நுரையில்லாத நீரில் தட்டையாக விழுந்தால் அடி முழுவதும் முதுகெலும்புக்கு. மடு ஆழம் என்று உறுதியாகத் தெரிந்தால் முனையைச் சரித்து இறக்குங்கள், இல்லையென்றால் நடந்துவிடுங்கள்.

நீந்த நேர்ந்தால் ஓடும் நீரில் எழுந்து நிற்காதீர்கள். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை. பாதம் இரண்டு கல்லுக்கு இடையில் செருகினால் பின்னாலிருந்து வரும் நீர் ஆளை முகம் குப்புறத் தள்ளி அமுக்கும். மல்லாந்து, கால்களை நீரோட்டத் திசையில் நீட்டி, கரை நோக்கிக் கையால் தள்ளுங்கள். குறுக்கே மரம் வந்தால் மட்டும் இதை மாற்றிக் குப்புறத் திரும்பி, தலை முன்னால் வேகமாக நீந்தி மரத்தின்மேல் ஏறிவிடுங்கள்.

ஒருவர் படகோடு மாட்டினால் முதல் வேலை அவர் தலையை நீருக்கு மேலே நிறுத்துவது. இரண்டு கரையிலிருந்தும் ஒரு கயிற்றைக் குறுக்கே பிடித்து அவர் மார்பில் தாங்கக் கொடுத்தால் மூச்சுவிட நேரம் கிடைக்கும். கப்பி பிறகுதான். படகை வந்த வழியிலேயே பின்னால் இழுத்தோ முனையைச் சற்றுத் திருப்பியோ பார்த்தால் பல நேரம் கையாலேயே விடுபடும். கப்பி கட்டினால் கணக்கில் 3 மடங்கு பலம், உராய்வு போக உண்மையில் அதைவிடக் குறைவு.

நேரம்: பார்த்து, தூக்கி, காத்திருந்து மணிக்கு ஒரு கிலோமீட்டர் நகர்ந்தாலே நல்ல வேகம். 5 கிலோமீட்டர் ஓடை என்றால் விடிந்ததும் இறங்குங்கள், ஆளுக்கொரு தலைவிளக்கு வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் கரையேறிப் போகும் வழிகளை முன்பே வரைபடத்தில் குறித்துவையுங்கள். தூக்கி நடக்கும்போது கறுத்த கோடாக நீர் கசியும் பாறையை மிதிக்காதீர்கள், அது பாசி. சாமானோடு 25 கிலோ படகைச் சரிவில் சுமப்பதைவிடக் கயிற்றில் இறக்குவது சுலபம்.

யார் எந்த இடத்தில் நடக்கிறேன் என்றாலும் ஏன் என்று கேட்கக்கூடாது என்பதைக் காரில் ஏறும் முன்பே நான்கு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே, கீழே நிறுத்தும் வண்டியின் சாவி யாருடைய லைஃப் ஜாக்கெட் ஜிப்புக்குள் இருக்கிறது என்பதையும். மேலே நிறுத்திய வண்டிக்குள் அதை மறந்து வைத்துவிட்டு வருகிற குழுக்கள் ஏராளம்.