பாதி அரிசியைத் தேய்த்துத் தள்ளினால்தான் நல்ல சாக்கேயா?

ஜப்பானில் படிப்பவர்கள், வேலை பார்ப்பவர்கள், சுற்றிப் பார்க்கப் போனவர்கள் என்று பலரும் அரிசியை நொதிக்கவைத்துச் செய்யும் ஜப்பானிய மதுவான சாக்கே பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ஒசாகாவில் ஒரு மதுக்கடையில் இரண்டு பாட்டில்களைக் காட்டினார்கள். ஒன்று ஜுன்மாய், 1,500 யென். மற்றது ஜுன்மாய் டாய்கின்ஜோ, 5,000 யென். இரண்டாவதில் அரிசியைப் பாதிக்கு மேல் தேய்த்துவிடுவார்களாம். மூன்று மடங்கு கொடுத்தால் மூன்று மடங்கு நன்றாக இருக்குமா? இதுதான் முதல் முறை வாங்குவது.

பதில்: இருக்காது. அது வேறு மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

ஜப்பானியர் சோறாக்கும் வெள்ளை அரிசியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் தவிடாகப் போயிருக்கும். சாக்கே அரிசியை அதற்கு மேலும் தேய்ப்பார்கள். அரிசியின் வெளிப்பகுதியில் புரதமும் கொழுப்பும் அதிகம், நடுவில் மாவுச்சத்து. வெளிப்பகுதி போகப் போக மது மெலிந்து, வாசனை தூக்கலாகும். லேபிளில் இருக்கும் சதவீதம் தேய்த்த அளவு என்று பலர் நினைக்கிறார்கள். அது மிச்சம் இருக்கும் அளவு. 60 என்றால் 40 போய்விட்டது. கின்ஜோ என்ற ரகத்துக்கு 60 அல்லது அதற்குக் கீழே, டாய்கின்ஜோவுக்கு 50 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. யமகுச்சி மாகாணத்தின் டஸ்ஸாய் 23 என்ற பாட்டிலில் அரிசி 23 சதவீதம்தான் மிச்சம். அத்தனை அரிசி கழிகிறது, அத்தனை நேரம் மெதுவாகத் தேய்க்க வேண்டியிருக்கிறது. விலையில் பெரிய பங்கு இதற்குத்தான் போகிறது.

ஜுன்மாய் என்பது இன்னொரு கணக்கு. அரிசி, கோஜிப் பூஞ்சை வளர்த்த அரிசி, தண்ணீர், ஈஸ்ட் தவிர வேறெதுவும் சேரவில்லை என்று பொருள். வெறும் ஜுன்மாய்க்கு இவ்வளவு தேய்த்திருக்க வேண்டும் என்ற விதி 2004இலேயே போய்விட்டது. ஜுன்மாய் என்ற சொல் இல்லாத கின்ஜோவிலும் ஹொன்ஜோசோ என்ற ரகத்திலும் கொஞ்சம் வடித்த ஆல்கஹால் சேர்ப்பார்கள். அதைக் கலப்படம் என்று ஒதுக்க வேண்டாம். போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் அரிசித் தட்டுப்பாட்டில் ஆல்கஹாலும் சர்க்கரையும் ஊற்றி மூன்று மடங்காக்கி விற்றார்கள். கெட்ட பெயர் அப்போது வந்தது. இன்று கின்ஜோவில் சேர்ப்பது வாசனையை இழுத்துக்கொண்டு வருவதற்கு. அளவுக்கும் கட்டுப்பாடு இருக்கிறது.

சரி, எதை வாங்குவது? டாய்கின்ஜோவின் மூடியைத் திறந்ததும் ஆப்பிள், முலாம்பழம், சிலவற்றில் பழுத்த வாழைப்பழம் போல ஒரு மணம் வரும். சாப்பாட்டுக்கு முன்னால் குளிரக் குளிர ஒரு சின்னக் கிளாஸ் குடிக்க அருமை. வறுத்த மீனும் சோயா சாஸும் வந்துவிட்டால் அந்த மணம் காணாமல் போய்விடும். ஜுன்மாயில் ஆவி பறக்கும் சோற்றுப் பானையின் வாசம். அது சாப்பாட்டோடு உட்கார்ந்து பேசும். என்னைக் கேட்டால் இரண்டு ரகத்திலும் 300 மில்லி சின்னப் பாட்டிலாக வாங்குங்கள். 5,000 யென்னை அடுத்த மாதம் செலவு செய்யலாம்.

கேள்வி: ஒரு உணவகத்தில் சூடான சாக்கே கொடுத்தார்கள். மூக்கில் நெடி ஏறியது. சூடாக்குவது மட்டமான சரக்கை மறைக்கத்தான் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: உங்களுக்குக் கொடுத்ததில் அது உண்மையாக இருந்திருக்கலாம். கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தால் ஆல்கஹால்தான் முதலில் மூக்குக்கு வரும். ஆனால் சூடாக்குவதே மட்டம் என்பது அவசரத் தீர்ப்பு. ஜப்பானியர் ஐந்தைந்து டிகிரிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 5 டிகிரிக்குப் பனிக்குளிர், 10க்குப் பூக்குளிர், 30க்கு வெயில் சூடு, 35க்கு உடல் சூடு என்ற பொருளில் பெயர்கள். 40 நுருகான், 45 ஜோகான், 50 அட்சுகான். குடிக்கிற ஒன்றுக்கு இத்தனை பெயர் வைத்தவர்கள் மட்டமானதை மறைக்கவா வைத்திருப்பார்கள்?

வீட்டில் ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். ஒரே ஜுன்மாய் பாட்டிலிலிருந்து மூன்று பங்கு எடுங்கள். ஒன்று ஃபிரிட்ஜில், ஒன்று மேசைமேல். மூன்றாவதை டொக்குரி எனும் கழுத்துச் சிறுத்த மண் குடுவையில், விளிம்புக்கு ஒரு விரல் குறைத்து ஊற்றுங்கள். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்த பிறகு குடுவையைக் கழுத்துவரை அதில் இறக்கி வையுங்கள். இரண்டு, மூன்று நிமிடம் போதும். வெளியே எடுத்து அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். கை ‘இதமாக இருக்கிறது’ என்றால் 40க்குப் பக்கம். வெடுக்கென்று எடுக்கத் தோன்றினால் தாண்டிவிட்டது. மைக்ரோவேவ் வேண்டாம், மேலே கொதித்துக் கீழே குளிர்ந்து கிடக்கும்.

குளிரில் மெலிந்து, இறுகிக் கிடந்தது 40இல் அகன்று வருவதை நாக்கு கண்டுபிடித்துவிடும். கிமோத்தோ, யமஹாய் என்று லேபிளில் இருப்பவை இதற்கென்றே பிறந்தவை. பழைய முறையில், லாக்டிக் பாக்டீரியா தானாகப் பெருகிப் புளிக்க இடம் கொடுத்துச் செய்பவை. தயிர் சாயலில் மெல்லிய புளிப்பு இருக்கும், சூட்டில் அது உருண்டு திரண்டு நிற்கும். கிமோத்தோவில் அரிசியையும் கோஜியையும் நீளக் கழிகளால் மணிக்கணக்கில் மசிப்பார்கள். அந்த வேலையை விட்டுவிட்டுச் செய்ததுதான் யமஹாய், 1909இல் வந்தது. டாய்கின்ஜோவை மட்டும் சூடாக்காதீர்கள். காசு கொடுத்து வாங்கிய மணம் ஆவியோடு போய்விடும்.

கேள்வி: லேபிளில் +5, -3 என்று எண்கள். எது இனிப்பு?

பதில்: கழித்தல் இனிப்புப் பக்கம், கூட்டல் காரப் பக்கம். காரம் என்றால் மிளகாய்க் காரமல்ல, இனிப்பில்லாமை. தண்ணீரோடு ஒப்பிட்டு அடர்த்தியை அளக்கும் எண் இது. சர்க்கரை மிஞ்சியிருந்தால் கனம் கூடும், எண் கீழே போகும். புளிப்பு அதிகமானால் நாக்குக்கு இனிப்பு குறைந்து தெரியும் என்பதால் இந்த எண்ணை முழுதாக நம்ப முடியாது.

தண்ணீருக்கும் பங்குண்டு. கோபே பக்கத்து நாடாவின் கடினத் தண்ணீரில் ஈஸ்ட் வேகமாக வேலை செய்து, மது முறுக்காக வரும். கியோத்தோவின் ஃபுஷிமியில் தண்ணீர் மென்மை, மதுவும் அப்படியே. நாடாவினுடையது ஆண்மது, ஃபுஷிமியினுடையது பெண்மது என்பது அங்கே பழைய பேச்சு. எனக்கு அந்த ஒப்பீட்டில் பெரிய மரியாதை இல்லை. தண்ணீர் வித்தியாசம் மட்டும் நிஜம்.

கேள்வி: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் திறந்ததும் ‘புஸ்’ என்றது, உள்ளே மோர் போலக் கலங்கியிருக்கிறது. கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை, நிகொரி வாங்கியிருக்கிறீர்கள். பெரிய கண் கொண்ட துணியில் வடிப்பதால் அரிசித் துகள் தங்கிவிடும். அதில் ஈஸ்ட் உயிரோடிருந்தால் பாட்டிலுக்குள்ளும் நொதித்து வாயு உண்டாகும். அடுத்த முறை குலுக்காமல், நிமிர்த்தி வைத்தே மூடியைக் கொஞ்சம் திருகி, நுரை எழும்பினால் உடனே மூடி, மறுபடி திருகி, இப்படி நாலைந்து முறை செய்யுங்கள். ஒரே திருகில் திறந்தால் பாதி மேசைத் துணிக்குத்தான்.

கவலைப்பட வேண்டியது ‘நாமா’ என்ற வகையில். சாக்கேயைப் பொதுவாக இரண்டு முறை 65 டிகிரி பக்கம் சூடுபடுத்திக் கிருமி நீக்குவார்கள். நாமா அந்தச் சூட்டையே காணாதது, குளிரிலேயே இருக்க வேண்டும். ஒரு முறை ஒரு கடையில் சாதாரண அலமாரியில் நின்ற நாமாவைத் தள்ளுபடி என்று வாங்கி வந்தேன். வீட்டில் திறந்தால் எண்ணெய்ச் சிக்குப் பிடித்த கடலை வாடை. திருப்பிக் கொடுக்கப் போனால், திறந்துவிட்டீர்களே என்றார்கள். திறக்காமல் எப்படித் தெரியும்? அன்றிலிருந்து நாமா என்றால் கடையின் ஃபிரிட்ஜுக்குள் இருப்பதை மட்டுமே எடுக்கிறேன்.

கேள்வி: பாட்டிலில் ஒரு தேதிதான் இருக்கிறது. காலாவதித் தேதி எங்கே?

பதில்: சாக்கேக்குக் காலாவதித் தேதி போட வேண்டியதில்லை. நீங்கள் பார்த்தது பாட்டிலில் அடைத்த மாதம். 2023 முதல் அதுவும் கட்டாயமில்லை. சூடுபடுத்திய சாக்கேயை அந்த மாதத்திலிருந்து ஏறத்தாழ ஒரு வருடத்துக்குள் குடிப்பது நல்லது, வெயிலும் விளக்கும் படாத இடத்தில் வைப்பது அதைவிட முக்கியம். ஆண்டுக்கணக்கில் வைத்துப் பழுப்பாக்கி விற்கும் கொஷு தனி வகை. நம் அலமாரியில் மறந்துபோன பாட்டில் கொஷு ஆகிவிடாது.

கேள்வி: ஒரு கடையில் மரப்பெட்டிக்குள் கிளாஸ் வைத்து வழிய வழிய ஊற்றினார்கள். எப்படிக் குடிப்பது என்று தெரியாமல் விழித்தேன்.

பதில்: அந்தப் பெட்டிக்கு ‘மாசு’ என்று பெயர். அரிசி அளக்கும் பெட்டியாக இருந்தது, கிட்டத்தட்ட நம் ஆழாக்கு. 180 மில்லி பிடிக்கும். ஜப்பானிய ரைஸ் குக்கரோடு வரும் கப்பும் அதே அளவுதான். வழிய ஊற்றுவது கடைக்காரரின் தாராளம். முதலில் குனிந்து கிளாஸ் விளிம்பில் ஒரு வாய் உறிஞ்சுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அப்புறம் கிளாஸை எடுத்து, அடியைத் துடைத்துக் குடியுங்கள். பெட்டியில் தேங்கியதைக் கிளாஸில் ஊற்றலாம், மூலையில் வாய் வைத்தும் குடிக்கலாம். நடுவில் தண்ணீர் கேளுங்கள். சாக்கே 15, 16 சதவீதம், பீர் குடிக்கும் வேகம் கூடாது.

கேள்வி: சமையலுக்கு மலிவாக ‘சமையல் சாக்கே’ கிடைக்கிறதே?

பதில்: அதில் உப்பு சேர்த்திருப்பார்கள், குடிக்க முடியாதபடி. வாங்கினால் குழம்பில் உப்பைக் குறையுங்கள். நான் மலிவான சாதாரண சாக்கேயைத்தான் ஊற்றுகிறேன்.

கேள்வி: சென்னைக்கு வரும்போது அப்பாவுக்கு எவ்வளவு எடுத்து வரலாம்?

பதில்: இந்திய சுங்கத்தில் ஒருவருக்கு 2 லிட்டர் வரை வரியில்லை. வழக்கமான பாட்டில் 720 மில்லி, மூன்று எடுத்தால் 2,160 ஆகிவிடும். இரண்டு 720உம் ஒரு 300உம் என்றால் 1,740. துணியில் சுற்றி, பெரிய பெட்டியில் நடுவே வையுங்கள். நாமா மட்டும் வேண்டாம். ஒரு பகல் முழுக்க ஃபிரிட்ஜ் இல்லாமல் அது படும் பாட்டை மேலே சொல்லிவிட்டேன்.